வாக்கெடுப்பு இல்லாத கூட்டம்

பள்ளிக்கூடத்துக்குப் புதிய தலைமையாசிரியரைத் தேடும் குழுவில் என்னைச் சேர்த்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னபோது, ஆள் மாறி அழைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என்னைத் தெரிந்த ஒருவரும் என்னை ஒரு குழுவிலும் சேர்க்கமாட்டார்கள். மெத்ரோ ரயிலில் செல்லுபடியான பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, பரிசோதகரைக் கண்டால் வியர்க்கிறவள் நான். தபால்பெட்டியில் அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம் கிடந்தால், இரண்டு நாள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மூன்றாம் நாள்தான் திறப்பேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர்களின் அரசாங்கக் கடிதங்களைத் திறப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், படிவம் நிரப்பி, மொழிபெயர்த்து, பிரதி எடுத்துக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றில் இருக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும்போது என் கை நடுங்குவதே இல்லை.

பள்ளிக்கூடம் எங்கள் கடையிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு முற்றத்தின் பின்பக்கம், முன்பு தச்சுப்பட்டறையாக இருந்த கட்டடம். முப்பது சொச்சம் பிள்ளைகள்தான். நடத்துகிறவர்கள் குவேக்கர்கள். கிறித்தவர்களில் மிகச் சிறிய கூட்டம் அவர்கள். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, பூசை இல்லை. வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பதுதான் வழிபாடு. யாருக்காவது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உள்ளே தோன்றினால், எழுந்து சொல்லிவிட்டு உட்காருவார்கள். ஒலிபெருக்கி கட்டித் திருவிழா கொண்டாடும் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. முதல் நாள் அந்த அறைக்குள் போனபோது, யாரோ இறந்துவிட்டார்கள், என்னிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

என் மகளை அங்கே சேர்த்ததற்குக் காரணமும் அந்த மௌனம்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்குள் வாய் ஓயாது. தமிழில் தொடங்கி பிரெஞ்சில் முடித்து, குளியலறைக்குள் போயும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசிக்கொண்டிருப்பாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. அடம் இல்லை, திமிர் இல்லை. பயத்தில் தொண்டை பூட்டிக்கொள்கிறது என்று வைத்தியர் சொன்னார். அவளுடைய முதல் பள்ளிக்கூடத்தில் நாள் தவறாமல் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். லா சப்பல் கடைகளில் நம்முடைய ஆட்கள், அவள் முகத்துக்கு நேரேயே, "பிள்ளை ஊமையோ?" என்று கேட்டார்கள். நான் சிரித்து மழுப்புவேன். வீட்டுக்கு வந்து அவளிடமே எரிந்து விழுவேன். பயந்தவள் ஒருத்திக்குப் பயந்த பிள்ளை பிறந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

குவேக்கர் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை அவளைப் பேசச் சொல்லவே இல்லை. உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப் ஒன்றைக் கையில் கொடுத்தார். கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் யாருடைய சட்டைக் கையிலாவது அதைக் குத்திவிட்டுப் போகலாம். வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் ஏற்பாடு. இரண்டு வருடம் அப்படி ஓடியது. என் பிள்ளை காலையில் அழாமல் சப்பாத்துப் போட்டாள். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

அந்த அம்மாதான் கோடையோடு ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார். தலைமையாசிரியர் என்று ஒருவர் அரசாங்கப் படிவத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் செப்டெம்பரில் பள்ளிக்கூடம் திறக்க முடியாது. திறக்காவிட்டால் என் மகள் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். அதனால்தான் பயத்தோடு பயமாகக் குழுவில் சேர ஒப்புக்கொண்டேன்.

குழுவில் ஐந்து பேர். ஓய்வு பெற்ற பொறியியலாளர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம் ஆசிரியை, இன்னொரு பிள்ளையின் தந்தை, நான். ஐந்தாவது ஆள் கூட்டத்தை நடத்தும் நரைத்த தலைமுடி அம்மா. அவரைத் தலைவர் என்று சொல்லக்கூடாது. குவேக்கர் வழக்கத்தில் அவர் எழுதுநர். எல்லோரும் பேசுவதைக் கேட்டு, கூட்டத்தின் முடிவு என்னவென்று அந்த இடத்திலேயே எழுதி, அங்கேயே உரத்து வாசிப்பார். எல்லோரும் ஆம் என்ற பிறகுதான் பேனையை மூடுவார்.

விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர். வந்தவரை வட்டத்தில் இருத்தி, கேள்வி கேட்பதற்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் இருக்கவேண்டும் என்பது முறை. முதலில் வந்த பெண்மணிக்கு அது தாங்கவில்லை. இரண்டு நிமிடத்தில் காலநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கி, தன் விவாகரத்தில் வந்து நின்றார். இரண்டாமவர் தூங்கிவிட்டார். பொறியியலாளர் மெதுவாக இருமி அவரை எழுப்பவேண்டியிருந்தது.

மூன்றாமவர் நாற்பது வயதுக்காரர். கைகளை முழங்காலில் வைத்து, பத்து நிமிடமும் அசையாமல் இருந்தார். பிறகு எங்களைப் பார்த்து, "இப்போதிருக்கும் தலைமையாசிரியை போனால் எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. எனக்கும் அவரைப் பிடித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன்.

அடுத்த வாரம் அவர் ஒரு முழு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து பார்ப்பதாக ஏற்பாடு. அன்று பிற்பகல், அவருடைய சான்றிதழ்களைக் கடையில் ஐந்து பிரதி எடுத்து, குழுவுக்குக் கொடுக்கக் கொண்டுபோனேன். வகுப்பு நடக்கும் நேரம். நடைகூடத்தில் யாருமில்லை. இரண்டு பக்கச் சுவரிலும் பிள்ளைகளின் குளிர்கால கோட்டுகள் தொங்கின. கடைசியில் கழிவறைக் கதவு. அதன் அருகில் அவர் நின்று சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தனியாக ஒரு மனிதரோடு பிரெஞ்சில் குசலம் விசாரிக்கப் பயம். அவர் உள்ளே போகட்டும் என்று கோட்டுகளுக்கு நடுவே ஒதுங்கினேன்.

அப்போது என் மகள் வகுப்பிலிருந்து வந்தாள். வேகமான நடை. நேரே அவரிடம் போய், அவருடைய சட்டைக் கையில் கிளிப்பைக் குத்தினாள். அவருக்கு அந்த ஏற்பாடு தெரியும், காலையில் சொல்லியிருந்தார்கள். அவர் கிளிப்பைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவுக்கு முன்னால் குந்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாயால் சொல். ஒரு சொல் போதும். எனக்கு அவசரமில்லை" என்றார்.

அவள் நின்றாள். ஒரு காலை மற்றக் காலோடு சேர்த்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார். குரல் உயரவில்லை, கை நீளவில்லை. அவர் ஒரு கெட்ட மனிதரின் முகத்தோடு இருந்திருந்தால் என் கால் நகர்ந்திருக்குமோ என்னவோ. நகரவில்லை. அதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. என் மனசு சொல்லு, சொல்லு, சொல்லித் துலை என்று கத்திக்கொண்டிருந்தது. இவராவது என் பிள்ளையின் வாயைத் திறந்துவிடமாட்டாரா என்று நான் அவர் பக்கம் நின்றேன்.

ஒரு நிமிடம் இருக்கலாம். பிறகு தரை நனைந்தது.

அவரும் திடுக்கிட்டுப் போனார். காகிதத் துவாலை எடுத்து ஓடி வந்து துடைத்தார், ஒன்றுமில்லை, பரவாயில்லை என்றார், கிளிப்பைத் திருப்பிக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? சத்தமில்லாமல் முற்றத்துக்குப் போய், கதவை டமாரென்று திறந்து, சப்பாத்தைக் கால்மிதியில் தேய்த்துச் சத்தம் போட்டு, அப்போதுதான் வருகிறவளைப் போல உள்ளே வந்தேன். மகள் அதற்குள் கழிவறைக்குள் போயிருந்தாள். அவர் மிக மரியாதையாக எனக்கு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மகள் பள்ளிக்கூடத்து மாற்றுக் காற்சட்டையோடு இருந்தாள்.

"என்னம்மா, வேறை உடுப்பு?" என்றேன்.

"தண்ணி ஊத்துப்பட்டிட்டுது" என்றாள்.

"சரி" என்றேன். இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம்.

அந்த வாரம் முழுவதும் ஒரே யோசனைதான். இந்த மனிதர் வந்தால் தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் குந்துவார். இவர் வராவிட்டால் பள்ளிக்கூடமே இல்லை. எதைச் சொன்னாலும் பிள்ளைக்குத்தான் அடி. சொல்வதென்றால், உடனே ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் பயந்தேன். என் கணவரிடம் ஒத்திகை பார்த்தேன். அவர் ருவாசி விமானநிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். அன்று ஓய்வு நாள், பியர்ஃபித்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப நீர் எங்கை நிண்டனீர்?"

பார்த்தீர்களா, முதல் கேள்வியே அதுதான்.

"நான் பிறகுதான் வந்தனான். பிள்ளை சொன்னவள்" என்றேன்.

"அப்ப போய்ச் சொல்லும். உம்மைத்தானே குழுவிலை போட்டிருக்கினம்."

"நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுங்கோவன்."

"எனக்கு உந்தப் பிரெஞ்சு வராது. இஞ்சேரும், எங்கடை பிள்ளை. நீர்தான் சொல்ல வேணும்" என்று மறுபடி வெங்காயத்தை எடுத்தார். கண்ணீர் வந்தது வெங்காயத்தாலா என்று நான் கேட்கவில்லை.

சொல்லாமல் தப்ப எனக்கு ஒரு வழி தோன்றியது. குழு முடிவெடுக்கும் நாளன்று, கடையில் ஐந்து துண்டுச் சீட்டு அச்சிட்டேன். மேலே அந்த மனிதரின் பெயர், கீழே ஆம் ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம். மடித்துப் போட்டால் யார் எதில் கோடு போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் இல்லை என்று போடுவேன். நான்குக்கு ஒன்று என்று தோற்பேன். என் மனச்சாட்சிக்கு அவ்வளவு போதும் என்று நினைத்தேன். தோற்பதற்காகவே வாக்குச்சீட்டு அடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சீட்டுகளை மேசையில் வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். கணக்கு ஆசிரியை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எழுதுநர் அம்மா மட்டும் சீட்டுகளை மரியாதையாக அடுக்கி என்னிடமே திருப்பித் தந்தார்.

"சிரமப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் நாங்கள் வாக்கெடுப்பதில்லை. எல்லோரும் ஒரே மனதாக வரும்வரை இருப்போம். ஒருவருக்கு மனம் வராவிட்டாலும் முடிவு இல்லை."

இதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஆட்களின் கூட்டங்களிலும், எல்லோருடைய கருத்தும் முக்கியம் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். அங்கே வேண்டாம் என்று சொன்ன ஒருவரின் கடைக்கு மறுநாள் ஆட்கள் வராமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே நிலைமை அதைவிட மோசமாக இருந்தது. என் ஒரு சொல் முழுவதையும் நிறுத்திவிடும். ஒளிந்துகொள்ள எண்ணிக்கையே இல்லை.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பொறியியலாளர் அந்த மனிதருடைய பொறுமையைப் புகழ்ந்தார். கணக்கு ஆசிரியை, பிள்ளைகள் அவரைச் சுற்றி மொய்த்ததைச் சொன்னாள். பிறகு மௌனம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடியது. எழுதுநர் அம்மா என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு?" என்றார்.

"சரி" என்றேன். பிரெஞ்சில் அது இன்னும் சின்னச் சொல்.

அவர் எழுதினார். குழு மனம் ஒத்து இவரை முன்மொழிகிறது, ஞாயிற்றுக்கிழமை பெற்றோரும் குவேக்கர்களும் கூடும் பெரிய கூட்டம் இதை உறுதி செய்யும் என்று வாசித்தார். எல்லோரும் ஆம் என்றார்கள். நானும்தான். வெளியே வந்து தெருவில் நின்று வாக்குச்சீட்டுகளைக் கிழித்தேன். பிள்ளையை விற்றுவிட்டது போல இருந்தது.

வாயால் சொல்ல முடியாதவர்களுக்கென்று நம்மிடம் ஒரு வழி உண்டு. மொட்டைக் கடிதம். கல்யாணப் பேச்சைக் குழப்புவதற்கும், கோயில் நிர்வாகத்தைக் கவிழ்ப்பதற்கும் எங்கள் ஆட்கள் நம்பிக்கையோடு எழுதுவது. நல்ல காரியத்துக்கு எழுதினால் தப்பில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். மதிய இடைவேளையில் கடைக் கதவைச் சாத்தி, நடந்ததை அரைப் பக்கம் கணினியில் தட்டி அச்சடித்தேன். 'கண்ணால் கண்ட ஒருவர்' என்று முடித்தேன். கைரேகை படாமல் இருக்கக் கையுறை வேறு போட்டுக்கொண்டேன். பொபினிக்கு ஒரு வேலையாகப் போனபோது, எழுதுநர் அம்மாவின் பெயருக்கு அங்கே தபாலில் போட்டேன். முத்திரையில் எங்கள் பகுதி விழக்கூடாதாம்.

இரண்டு நாள் கழித்து எழுதுநர் அம்மா கடைக்கு வந்தார். வரிசையில் நின்றார். முன்னால் நின்ற அண்ணை ஒருவர், வயதான வெள்ளைக்கார அம்மா என்று இடம் விட்டபோதும், வேண்டாம் என்று சொல்லித் தன் முறைக்குக் காத்திருந்தார். முறை வந்ததும் என் முன்னால் உட்கார்ந்து, குழுவின் முடிவை ஞாயிற்றுக்கிழமைக்காக நாற்பது பிரதி எடுத்துத் தரச்சொன்னார்.

இயந்திரத்தில் வைத்தேன். முதல் தாள் வந்து விழுந்தது. அதன் இடது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, மயிர் அளவு மெல்லிய கறுப்புக் கோடு. அந்த இயந்திரத்தின் பழுது அது. பிரதி எடுத்தாலும் அச்சடித்தாலும் எந்தத் தாளிலும் விழும். அந்த மனிதருடைய சான்றிதழ்ப் பிரதிகளிலும் விழுந்தது, வாக்குச்சீட்டிலும் விழுந்தது. கையுறை போட்டு அச்சடித்த கடிதத்தை மட்டும் அது எப்படி விடும்?

அம்மா அந்தக் கோட்டை விரலால் ஒருமுறை தடவினார்.

"எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெயர் இல்லை. முதல் வரியோடு நிறுத்திவிட்டேன்" என்றார்.

"ஏன் வாசிக்கவில்லை?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எழுதியவர் என் முன்னால் இல்லையே. இல்லாத ஒருவரோடு எப்படிச் சேர்ந்து முடிவெடுப்பது?"

"அதில் முக்கியமான விஷயம் இருந்தால்? நீங்களே கூட்டத்தில் சொல்லிவிடலாமே."

"நான் பார்க்கவில்லையே, மதாம்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நாற்பது தாளையும் தட்டி அடுக்கிப் பையில் வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரமென்றாலும் இருப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னால் நின்ற அண்ணை, "என்ன தங்கச்சி, முகம் வெளிறிப் போச்சு? அவ என்ன பொலிசோ?" என்று கேட்டார்.

ஞாயிறு வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வராமல் விடலாமா என்று சனிக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டேன். ஆனால் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். காலையில் என் மகள் தானாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். அவளைப் பார்த்தபின் காய்ச்சல் வரவில்லை.

பெரிய வகுப்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முப்பத்தைந்து பேராவது இருக்கும். பிள்ளைகளைத் தலைமையாசிரியை பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். எழுதுநர் அம்மா முடிவை வாசித்தார். பிறகு பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. இது இங்கே வாசிக்கப்படாது. எழுதியவர் இந்த அறையில் இருந்தால், அவருக்காகக் காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். முப்பத்தைந்து பேர் பேசாமல் இருக்கும் அறையில் என் இதயம் அடிப்பது பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும் என்று தோன்றியது. சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தைப் பிரெஞ்சில் அடுக்கினேன், வினைச்சொல் தொலைந்தது. திரும்ப அடுக்கினேன், எல்லாமே தொலைந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கு முன்னால் ஒருவரும் குந்தியிருக்கவில்லை, சொல் என்று யாரும் சிரிக்கவில்லை, வழியை மறிக்கவில்லை. அப்படியிருந்தும் தொண்டையில் ஒரு பூட்டு. என் பிள்ளை தினமும் இதோடுதான் இருக்கிறாள் என்பது அந்த நாற்காலியில் இருந்துதான் எனக்கு விளங்கியது. பத்து வருடமாக விளங்கவில்லை.

எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடிதம் எழுதியது நான்" என்றேன். "குழுவில் சரி என்று சொன்னதும் நான்தான். அது பொய்."

நடந்ததைச் சொன்னேன். கிளிப், சட்டைப் பை, கதவு, தரை. பிரெஞ்சு இலக்கணம் ஒன்றும் மிஞ்சவில்லை. உரத்துச் சொன்னால்தான் வந்தது, அதனால் உரத்தே சொன்னேன். அங்கேயே நிறுத்தி உட்கார்ந்திருக்கலாம். யாரும் கேட்பதற்கு முன்னால் அதையும் சொல்லிவிட்டேன். "நான் கோட்டுகளுக்கு நடுவில் நின்றேன். பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பேசிவிடுவாள் என்று ஆசைப்பட்டேன். பிறகு வெளியே போய், அப்போதுதான் வந்தவள் மாதிரி வந்தேன்."

உட்காரப் போனபோது நாற்காலி இல்லை. அது தரையில் கிடந்தது. பொறியியலாளர் எழுந்து நிமிர்த்தி வைத்தார்.

மறுபடி மௌனம். இனி கேட்பார்கள், இனி கேட்பார்கள் என்று விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுதுநர் அம்மா, "நாங்கள் இன்னும் தயாராக இல்லை" என்று எழுதி வாசித்தார். எல்லோரும் ஆம் என்றார்கள். அவ்வளவுதான்.

அந்த வாரமே எழுதுநர் அம்மாவும் பொறியியலாளரும் போய் அந்த மனிதரைச் சந்தித்தார்கள். அவர் மறுக்கவில்லையாம். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், தரையைப் பார்க்கும்வரை, என்றாராம். அவராகவே விலகிக்கொண்டார். எங்களுக்கு வேறு ஆளில்லை. கடைசியில் தலைமையாசிரியை தன் ஓய்வை ஒரு வருடம் தள்ளிப்போட்டார். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு என்ன என்று அடுத்த நிமிடமே பயமும் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஞாயிறு இன்னும் முடியவில்லை. ரயிலில் மகள் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள்.

"அம்மா, நீங்கள் அங்கை பெரிசாக் கதைச்சனீங்கள். எங்கடை அறைக்கு எல்லாம் கேட்டது."

"ஓம்."

"நீங்கள் கோட்டுகளுக்கை நிண்டது எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கடை காலைக் கண்டனான்."

இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே தண்ணீர் ஊற்றுப்பட்டதாகச் சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள்.

"நீங்கள் வருவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள். "ஏன் வரேல்லை? நான் சொல்லுவன் எண்டு பாத்தனீங்களோ?"

பயமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை.

"ஓம்" என்றேன்.

அவள் சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காக வைத்துவிட்டு, அறைக்குள் போய்விட்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. தகப்பனோடு பேசினாள், தொலைக்காட்சியோடு பேசினாள், குளியலறைக் கதவுக்குப் பின்னால் பாட்டுக்கூடப் பாடினாள். நான் அறைக்குள் வந்தால் நின்றுவிடும். திங்கள், செவ்வாய், புதன். வாழ்நாளில் நான் பயந்த பயங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த மூன்று நாளுக்கு ஈடாகாது. உலகத்தில் அவள் பேசும் ஒரே வீட்டில் நானும் வெளியாள் ஆகிவிட்டேன். கதைக்கச் சொல்லிக் கெஞ்ச வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். கணவர், "ஏதும் கேளுமன்" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சோற்றை வைத்தேன், உடுப்பை மடித்தேன், பக்கத்தில் போய்ப் பேசாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் அவசரத்தில், அவளைக் கதிரையில் இருத்தித் தலை சீவி இழுத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஒரு சிக்கு. சீப்பு மாட்டிக்கொண்டது.

"இழுக்காதேங்கோ அம்மா" என்றாள். "நோகுது."

"சரி" என்று சொல்லி, சீப்பை வைத்துவிட்டு, விரலால் ஒவ்வொரு மயிராகப் பிரிக்கத் தொடங்கினேன். அன்று ரயிலை விட்டுவிட்டோம்.